மருத்துவக் கன்னியர் வந்த வரலாறு

ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்கு வருவோரில் மருத்துவர்களை அடையாளம் காண்பது எளிது. கடைசி வரிசையில், வாயிலை ஒட்டி அமர்ந்திருப்பார்கள். காணிக்கைப் பாடல் முடியுமுன் சட்டைப் பையில் தொலைபேசி அதிரும். எழுந்து வெளியே போவார்கள். திரும்பி வரும்போது நற்கருணை முடிந்திருக்கும். இவர்களைப் பற்றி நம்மிடையே இரண்டு பேச்சுகள்தாம் உண்டு. ஒன்று, "டாக்டர் தெய்வம் மாதிரி" என்பது. மற்றது, "டாக்டர்களெல்லாம் காசுக்காரர்கள்" என்பது. தெய்வத்துக்கும் காசுக்காரருக்கும் நடுவே தூக்கம் இழந்த ஒரு மனிதர் இருக்கிறார் என்பதை நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை. ஜூபிலி மலரில் கோபுரத்தின் உயரத்தையும் மணியின் எடையையும் எழுதுவோர் பலர் இருப்பதால், நான் அந்த மனிதரைப் பற்றி, அதிலும் குறிப்பாகத் திருச்சபையில் மருத்துவர்களாய் விளங்கிய மூன்று பெண்மணிகளைப் பற்றி எழுத எடுத்துக்கொண்டேன். ஒரு மருத்துவரைப் பணியில் நிலைத்திருக்கச் செய்வது எது, அவரை உருக்கி ஓடச் செய்வது எது என்னும் கேள்விக்கு இவர்கள் வாழ்க்கையில் விடை கிடைக்கிறது.

இந்தக் கேள்விக்கு இன்று அறிவியல் பெயர் இருக்கிறது. 1974-ல் நியூயார்க்கில் இலவச மருத்துவமனை ஒன்றில் பணிசெய்த மனநல வல்லுநர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர், ஆர்வத்தோடு வந்த ஊழியர்களே ஓராண்டுக்குள் எரிந்துபோன விறகாய் நிற்பதைக் கண்டு அந்நிலையைப் பற்றி எழுதினார். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் இந்தப் பணிச்சோர்வை வரையறுத்தபோது மூன்று அடையாளங்கள் கூறிற்று: உடலும் மனமும் வற்றிப்போதல், செய்யும் வேலையிடமிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தன் உழைப்பால் பயன் இல்லை என்று தோன்றுதல். இது நோயன்று, பணியிடத்திலிருந்து விளைவது என்றும் அந்நிறுவனம் தெளிவுபடுத்தியது. இப்பெயர் தோன்றுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பே இராவல்பிண்டியில் ஓர் ஆஸ்திரியப் பெண் இதை அனுபவித்து, அதற்கு ஒரு மருந்தும் கண்டுபிடித்தார். அவருடைய கதைக்கு வருமுன் சட்டத்தின் கதையைச் சற்றுச் சொல்ல வேண்டும்.

நோயாளிகளைப் பேணுவதில் திருச்சபைக்கு ஈடு இல்லை என்று நாம் பெருமைப்படுகிறோம். அது நியாயமே. ஆயினும் துறவியர் மருத்துவராய்த் தொழில் செய்வதைத் திருச்சபைச் சட்டம் நெடுங்காலம் தடுத்து வந்தது என்பதும் வரலாறே. 1139-ல் கூடிய இரண்டாம் இலாத்தரன் சங்கம், துறவியர் தங்கள் நியமங்களை விட்டுப் பொருளீட்டுவதற்காக மருத்துவம் பயிலக் கூடாது என்றது. 1215-ல் கூடிய நான்காம் இலாத்தரன் சங்கம், கத்தியும் நெருப்பும் கொண்டு செய்யும் சிகிச்சையைக் குருக்களுக்குத் தடை செய்தது. 1917-ல் வெளியான திருச்சபைச் சட்டத் தொகுப்பிலும், உரோமையின் தனி அனுமதியின்றிக் குருக்கள் மருத்துவத் தொழில் செய்தல் ஆகாது என்ற விதி இருந்தது. அதே விதி துறவியரையும் கட்டியது. பேறுகாலம் பார்ப்பதோ கன்னியருக்குத் தகாத வேலையாகவே கருதப்பட்டது.

இவ்விதிகளை இயற்றியவர்கள் கல்நெஞ்சர் அல்லர். ஆன்மாவைப் பேண வேண்டியவன் பணத்துக்காக உடலைப் பேணப் போய்விடக் கூடாது, சிகிச்சையில் ஒருவர் இறந்தால் அந்தப் பழி பீடத்தில் நிற்பவனைச் சேரக் கூடாது என்பதே அவர்கள் கவலை. ஆனால் 12-ஆம் நூற்றாண்டின் கவலைக்கு இந்தியத் தாய்மார்கள் விலை கொடுத்தார்கள். பர்தா முறையில் வாழ்ந்த பெண்கள் ஆண் மருத்துவர் முன் வர மாட்டார்கள். வருவதைவிடச் சாவதே மேல் என்பது குடும்பத்தாரின் எண்ணம். பெண் மருத்துவரோ கிடையாது. கன்னியர் மடம் பக்கத்திலேயே இருக்கும். அங்குள்ளவர்கள் கஞ்சி கொடுப்பார்கள், புண் கழுவுவார்கள், இறக்கும் குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுப்பார்கள். பிள்ளை குறுக்கே நின்றால் செபமாலையோடு நிற்பதைத் தவிர வேறு வழியில்லை.

நம் பிரிந்த சகோதரர்கள் இவ்விஷயத்தில் முந்திக்கொண்டார்கள் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று இளம்பெண்கள் பிரசவத்தில் மாண்டதைக் கண்ட மிஷனரி வீட்டுப் பெண் ஐடா ஸ்கட்டர், அமெரிக்கா சென்று மருத்துவம் கற்று 1900-ல் வேலூருக்கு வந்தார். 1918-ல் பெண்களுக்கென்று மருத்துவப் பள்ளியும் தொடங்கினார். இக்கதையை நம் ஊரில் அறியாதவர் இலர். அதே காலத்தில் கத்தோலிக்கரிடையே நடந்தது அவ்வளவாக அறியப்படவில்லை.

எடின்பரோவில் 1837-ல் பிறந்தவர் ஆக்னஸ் மக்லாரன். தந்தை பாராளுமன்ற உறுப்பினர். மகள் பெண்களின் வாக்குரிமைக்காக உழைத்தவர். பிரிட்டனில் பெண்ணுக்கு மருத்துவப் பட்டம் கிடைப்பது அரிதாயிருந்த நாளில் பிரான்சுக்குப் போய், 1878-ல் மோம்பெல்லியே பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார். 1898-ல், தம் 61-வது வயதில், கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார். மற்றவர்கள் பேரப்பிள்ளைகளோடு ஓய்ந்திருக்கும் வயதில் இந்தியத் தாய்மாரின் நிலையைக் கேள்வியுற்றார். இலண்டனில் ஒரு குழு அமைத்துப் பணம் திரட்டினார். 72-வது வயதில் தாமே கப்பலேறி வந்து, இராவல்பிண்டியில் பெண்களுக்கும் குழந்தைகளுக்குமான புனித கத்தரீனம்மாள் மருத்துவமனை உருவாக வழிசெய்தார்.

அங்கே செவிலியராய் உழைத்த கன்னியர், மரியாயின் பிரான்சிஸ்கன் மிஷனரி சகோதரிகள். இவர்கள் நமக்கு அந்நியர் அல்லர். மதுரை மிஷனில் பணியாற்றிய பிரெஞ்சுக் கன்னிகை மரி தெ லா பாசியோன் 1876-ல் தம் தோழியரோடு உதகமண்டலத்துக்கு வந்து, 1877 ஜனவரி 6 அன்று பாப்பரசர் 9-ஆம் பத்திநாதரின் அனுமதி பெற்று நிறுவிய சபை இது. நீலகிரியில் முளைத்த விதை பஞ்சாபில் நிழல் தந்தது.

மருத்துவமனை கட்டியாயிற்று, மருத்துவர் எங்கே? ஐரோப்பாவிலிருந்து இல்லறத்தைச் சேர்ந்த பெண் மருத்துவர் யாரேனும் வந்தால்தான் உண்டு. வருபவர்கள் நிலைப்பது கடினம். கன்னியரையே மருத்துவராக்க அனுமதி கேட்டு ஆக்னஸ் ஐந்து முறை உரோமைக்குப் போனார். அனுமதி கிடைக்கவில்லை. 1913 ஏப்ரல் 17 அன்று பிரான்சு நாட்டு ஆந்திப் நகரில் உயிர் நீத்தார்.

இறப்பதற்குச் சில காலம் முன்பு ஆக்னஸுக்கு ஒரு கடிதம் வந்திருந்தது. எழுதியவர் ஆன்னா டெங்கல் என்னும் இளம்பெண். ஆஸ்திரியாவின் திரோல் மலைநாட்டில் ஸ்டேக் என்னும் கிராமத்தில் 1892-ல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயைப் பறிகொடுத்தவர். மருத்துவர் இல்லாமல் தாய்மார் சாகிறார்கள் என்று படித்ததும் தாம் போக வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார். பிரிட்டிஷ் இந்தியாவில் தொழில் செய்ய பிரிட்டிஷ் பட்டம் வேண்டும், அயர்லாந்தில் கார்க் நகரில் படி என்று ஆக்னஸ் வழிகாட்டினார். இருவரும் ஒருவரையொருவர் நேரில் கண்டதில்லை. ஆன்னா கார்க் நகர் வந்து சேர்ந்தபோது வழிகாட்டி இறந்துவிட்டார்; மறு ஆண்டே உலகப் போர் மூண்டு, ஆஸ்திரியப் பெண்ணாகிய அவர் எதிரி நாட்டாராய் எண்ணப்பட்டார். எல்லாவற்றையும் தாங்கி 1919-ல் பட்டம் பெற்று, இங்கிலாந்தில் சில மாதப் பயிற்சிக்குப் பின் 1920-ல் இராவல்பிண்டி வந்து சேர்ந்தார்.

இனித்தான் நம் விஷயம். ஆன்னாவுக்கு ஆர்வத்தில் குறைவு இல்லை. செபத்தில் குறைவு இல்லை. கல்வியில் குறைவு இல்லை. வேலை செய்யும் ஆற்றலிலும் குறைவு இல்லை. நான்கு ஆண்டு இரவும் பகலும் உழைத்தார். வெளிநோயாளர் கூட்டம், பிரசவம், அறுவை, வீடு தேடிப் போய்ப் பார்த்தல் எல்லாம் அவர் ஒருவர் தலைமேல். மருத்துவ முடிவைக் கலந்து பேச இன்னொரு மருத்துவர் இல்லை. அவர் காய்ச்சலில் படுத்தால் மருத்துவமனையும் படுத்துக்கொள்ளும். ஒரு தாயைக் காப்பாற்றும்போது வாசலில் நாலு பேர் காத்திருப்பார்கள். நாளடைவில் அவர் உடல் தளர்ந்தது; அதைவிட உள்ளம் வறண்டது. இத்தனை ஆசையோடு வந்த நான் இப்படி ஏன் ஆனேன் என்று கலங்கினார்.

ஆன்ம குருவிடம் மனம் திறந்தபோது, உனக்குத் துறவற அழைத்தல் இருக்கிறது என்றார் அவர். ஆன்னாவும் அதை உணர்ந்தார். ஆனால் துறவறம் புகுந்தால் சட்டப்படி மருத்துவத்தை விட வேண்டும். மருத்துவத்தை விட்டால் பர்தாவுக்குள் இருக்கும் பெண்ணுக்கு ஆளில்லை. 1924-ல் தாயகம் திரும்பியபோது, இன்ஸ்புரூக் நகரில் சேசு சபைக் குரு ரோக்குஸ் ரிம்ல் அவரிடம், இருக்கும் சபைகளில் இடமில்லையென்றால் புதிதாக ஒன்று தொடங்கு என்று அறிவுரை கூறினார்.

அவர் கண்ட மருந்து அதுவே. களைத்துப்போன மருத்துவருக்கு நாம் வழக்கமாகச் சொல்லும் ஆறுதல் என்ன? "இன்னும் கொஞ்சம் செபியுங்கள், தியாகத்துக்கு மேலே பலன் உண்டு" என்போம். ஆன்னாவின் முடிவு வேறு. தனி ஒருவரின் வீரத்தின் மேல் மருத்துவமனையைக் கட்ட முடியாது என்று கண்டுகொண்டார். ஒருவர் விழுந்தால் மற்றவர் எடுக்க வேண்டும். மருத்துவரும் செவிலியரும் மருந்தாளுநரும் முறையாகப் பயின்றவர்களாய், ஒரே வீட்டில், ஒரே மேசையில் உண்டு, ஒன்றாய்ச் செபித்து, பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று விரும்பினார். அமெரிக்கா சென்று, திருச்சிலுவைச் சபைக் குரு மைக்கேல் மத்திஸ் உதவியுடன், 1925 செப்டம்பர் 30 அன்று வாஷிங்டனில் மருத்துவ மறைபணிச் சகோதரிகள் சபையைத் தொடங்கினார். மொத்தம் நான்கு பேர். இருவர் மருத்துவர், இருவர் செவிலியர். சட்டத்தின் காரணமாகப் பகிரங்க வார்த்தைப்பாடு கொடுக்க முடியாமல் வெறும் பக்திச் சங்கமாகவே பத்து ஆண்டு காத்திருந்தார்கள். பக்தி மட்டும் போதாது, தொழிலில் தேர்ச்சியும் வேண்டும் என்பதில் ஆன்னா விட்டுக்கொடுக்கவே இல்லை. அரைகுறை மருத்துவம் தர்மமாகாது என்பது அவர் கொள்கை.

இதற்கிடையே, நம் பக்கத்து ஆந்திர நாட்டில் மூன்றாம் பெண்மணி வந்துவிட்டார். மேரி குளோரி 1887-ல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பிறந்தவர். மெல்போர்ன் நகரில் மருத்துவம் பயின்று, நல்ல வருமானமும் பெயரும் பெற்றிருந்தவர். 1915-ல் அவர் கைக்கு ஒரு சிறு பிரசுரம் கிடைத்தது. ஆக்னஸ் மக்லாரனைப் பற்றியதும் இந்தியத் தாய்மார், சிசுக்களின் மரணத்தைப் பற்றியதுமான பிரசுரம். (பங்குகளில் நாம் அச்சிட்டு எவரும் படிப்பதில்லை என்று வருந்தும் துண்டுப் பிரசுரங்களுக்கு இது ஆறுதலாக இருக்கட்டும்.) உடனே புறப்பட்டுவிடவில்லை, பிரசவத்திலும் மகளிர் நோயிலும் கண் மருத்துவத்திலும் மேற்படிப்பை முடித்து, 1920 பிப்ரவரியில் குண்டூருக்கு வந்து, இயேசு மரி சூசை சபையில் சேர்ந்தார். உரோமையின் தனி அனுமதியுடன் துறவுடையிலேயே மருத்துவம் செய்தார்; உலகிலேயே முதல் கன்னியர்-மருத்துவர் இவர்தாம் என்பர்.

குண்டூரில் பல ஆண்டுகள் இவர் ஒருவரே மருத்துவர். சிறு மருந்தகமாய் இருந்தது இவர் காலத்தில் புனித சூசையப்பர் மருத்துவமனையாய் வளர்ந்தது. இவரும் ஆன்னாவைப் போல் தனியாகத்தான் நின்றார். ஆனால் முதலிலிருந்தே ஒரு கன்னியர் குடும்பம் சுற்றி இருந்தது. மேலும் இவர் வந்த நாள் முதல் பிறரைப் பயிற்றுவித்தார். மருந்து கலக்கவும், பேறுகாலம் பார்க்கவும், நோயாளியைப் பேணவும் உள்ளூர்ப் பெண்களுக்குக் கற்றுக் கொடுத்தார். கற்பிக்கும் மருத்துவர் தனியே நிற்பதில்லை. வைத்தியர்களின் மூலிகைகளையும் இகழாமல் ஆராய்ந்தார். 1943 ஜூலையில் 16 கன்னியரைக் கூட்டிக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தைத் தோற்றுவித்தார்; இன்று 3,500-க்கு மேற்பட்ட நிறுவனங்கள் அதன் குடைக்கீழ் உள்ளன. கத்தோலிக்க மருத்துவக் கல்லூரி ஒன்று வேண்டும் என்று அவர் ஓயாமல் சொல்லி வந்தார். 1957 மே 5 அன்று பெங்களூரில் நோயுற்று இறந்தார். அதே நகரில் 1963-ல் இந்திய ஆயர்களின் புனித அருளப்பர் மருத்துவக் கல்லூரி எழுந்தது. நம் மறைமாவட்டங்களிலிருந்து எத்தனையோ பிள்ளைகள் அங்கே படித்து, பட்டம் பெற்றபின் கிராமத்து மிஷன் ஆஸ்பத்திரிகளில் பணி செய்திருக்கிறார்கள். 2013-ல் திருச்சபை குளோரியை இறை ஊழியர் என அறிவித்தது.

சட்டம் மாறிய நாளைச் சொல்ல மறந்துவிடக் கூடாது. 1936 பிப்ரவரி 11, லூர்து அன்னையின் திருநாள். பாப்பரசர் 11-ஆம் பத்திநாதரின் காலத்தில், விசுவாசப் பரப்புதல் பேராயம் ஓர் அறிவுரையை வெளியிட்டது. கன்னியர் மருத்துவம் பயிலலாம், தொழில் செய்யலாம், பேறுகாலமும் பார்க்கலாம் என்றது. தாய் சேய் நலப் பணியைத் தடுப்பதற்குப் பதிலாக ஊக்குவிக்கவே செய்தது. ஆக்னஸ் இறந்து 23 ஆண்டு ஆகியிருந்தது. எத்தனை தாய்மார் அந்த இடைவெளியில் மாண்டனர் என்று எண்ணும்போது, இவ்வளவு காலம் ஆயிருக்க வேண்டுமா என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. கேட்பது திருச்சபையின்பால் அன்பில்லாததால் அன்று.

ஆன்னாவின் சகோதரிகள் இராவல்பிண்டியில் திருக்குடும்ப மருத்துவமனை தொடங்கினார்கள். பின்பு பாட்னாவிலும், டில்லியிலும். பாட்னாவில் நடந்த ஒன்று என் மனத்தில் நிற்கிறது. 1948-ல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளியேறிய அன்னை தெரசா, சேரிப் பணிக்குமுன் மருத்துவ அறிவு பெற இவர்களிடம்தான் வந்து சில மாதம் தங்கினார். வருங்காலத்தில் தம் சகோதரிகள் மிக ஏழைகளைப் போல் சோறும் உப்பும் மட்டுமே உண்டு வாழ்வார்கள் என்று அவர் சொன்னபோது, பாட்னா சகோதரிகள் தயங்காமல் மறுத்தார்கள். அப்படிச் செய்தால் உங்கள் பிள்ளைகள் நோயாளிகளுக்கு ஊழியம் செய்வதற்குப் பதிலாகத் தாங்களே நோயாளிகளாகி மாண்டுபோவார்கள்; கடின உழைப்புக்கு நல்ல உணவும் சுத்தமும் ஓய்வும் கட்டாயம் வேண்டும் என்று எடுத்துரைத்தார்கள். அன்னை தெரசா அந்த அறிவுரையை ஏற்றுக்கொண்டார். பிற்காலத்தில் உலகம் புனிதை என்று வணங்கிய அம்மையாருக்கு, வயிறாரச் சாப்பிடுங்கள் என்று சொல்லும் துணிவு அந்த மருத்துவக் கன்னியருக்கு எங்கிருந்து வந்தது? இராவல்பிண்டியில் ஒருவர் உருகிப்போனதை அவர்கள் சபை மறக்கவில்லை என்றே நான் நினைக்கிறேன்.

மிஷன் ஆஸ்பத்திரிகள் சிலவற்றில் இன்றும் வேறு விதமான பேச்சைக் கேட்கிறோம். சம்பளத்தை உயர்த்தக் கேட்டால், வார விடுப்புக் கேட்டால், "இது சேவை" என்று பதில் வருகிறது. சேவை என்ற சொல்லைத் தன்மேல் சுமத்திக்கொள்வது புண்ணியம். பிறர்மேல் சுமத்துவது வேறு. கன்னியர் மடத்துக்காவது மாலையில் மணி அடித்துச் செபமும் உணவும் உண்டு. குடும்பத்தோடு வாடகை வீட்டில் வாழும் இளம் மருத்துவருக்கும் செவிலியருக்கும் அந்த மணியை யார் அடிப்பது? அரசு மருத்துவமனைகளின் நிலையும் நாம் அறிந்ததே. 2021-ல் கொரோனாப் பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் நம் நாட்டில் நூற்றுக்கணக்கான மருத்துவர்கள் உயிரிழந்தார்கள். 2024 ஆகஸ்டில் கல்கத்தாவில் 36 மணி நேரப் பணியின் இடையே, ஓய்வறை இன்றிக் கருத்தரங்கு அறையில் கண்ணயர்ந்த பயிற்சி மருத்துவப் பெண் கொடூரமாகக் கொல்லப்பட்டபோது நாடே வீதிக்கு வந்தது. உச்ச நீதிமன்றம் மருத்துவர் பாதுகாப்புக்கென ஒரு குழுவை அமைத்தது. படுக்க ஓர் அறை, பூட்ட ஒரு தாழ்ப்பாள், மாற்றி விட ஓர் ஆள்: இவையே இளம் மருத்துவர்கள் கேட்டவை. நூறு ஆண்டுக்கு முன் ஆன்னா கேட்டதும் ஏறக்குறைய இதுவே.

தனியாகவே நின்று இறுதிவரை எரிந்தவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. நேப்பிள்ஸ் நகரின் மருத்துவர் புனித சூசை மொஸ்காத்தி காலையில் திருப்பலி கண்டு, மருத்துவமனை சென்று திரும்பி, வீட்டில் ஏழை நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்த வேளையில் நாற்காலியிலேயே சாய்ந்து உயிர் விட்டார். அது 1927 ஏப்ரல் 12, வயது 46. 1987-ல் புனிதராக உயர்த்தப்பட்டார். அவர் படத்தை நம் மருத்துவர்கள் வீட்டில் மாட்டி வைப்பது நல்லதே. ஆனால் அவர் தாமாக விரும்பி எடுத்துக்கொண்ட பாரத்தை அட்டவணை போட்டு மற்றவர்க்கு விதிக்கும் உரிமை எந்த நிர்வாகிக்கும் இல்லை.

ஆன்னா டெங்கல் 1967 வரை தம் சபையை நடத்தினார். அவருடைய சகோதரிகள் ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா என்று பரவி, மருத்துவமனைகளைக் கட்டி, பிறகு பலவற்றை உள்ளூர் மறைமாவட்டங்களிடமும் சபைகளிடமும் ஒப்படைத்துவிட்டு அடுத்த ஊருக்குப் போனார்கள். கடைசி ஆண்டுகளில் நோயில் விழுந்த ஆன்னா 1980-ல் உரோமையில் காலமானார். வத்திக்கானை அடுத்த ஜெர்மானியர் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் இறந்த நாள் ஏப்ரல் 17. அவர் ஒருமுறைகூட நேரில் காணாத ஆக்னஸ் மக்லாரன் இறந்ததும் அதே தேதியில்தான், 67 ஆண்டுகளுக்கு முன்.